கயிறு தொய்ந்துதான் இருந்தது

அன்பு மகன் அன்வருக்கு,

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இந்தக் கடிதத்தை உன் இரும்புப் பெட்டியில், லுங்கிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாயே ஒரு ஜோடி ரப்பர் துடுப்புச் செருப்பு, அதன் மேல் வைக்கப்போகிறேன். ஆமாம், பார்த்துவிட்டேன். நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலுக்கு இடம் தேடினேன், அது கிடைத்தது. கூடவே மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி, கடலடியில் படம் பிடிக்கப் பயிற்சி என்று ஆபீஸ் முத்திரையோடு ஒரு காகிதம். அந்தமானில் மீன் ஆராய்ச்சி ஆபீஸில் குமாஸ்தா வேலை என்று என்னிடம் சொன்னாயே, எந்த ஊரில்டா குமாஸ்தா ரப்பர் துடுப்பை மாட்டிக்கொண்டு ஃபைல் பார்க்கிறான்? அன்றைக்கு நீ மட்டும் வீட்டில் இருந்திருந்தால், இருபத்தைந்து வயதென்றும் பார்க்காமல் முதுகில் இரண்டு வைத்திருப்பேன். நல்ல வேளை, கப்பல் டிக்கெட் வாங்க மெட்ராஸ் போய்விட்டாய், சனிக்கிழமைதான் வருவாய்.

கோபம் இரண்டு நாள்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். நீ பொய் சொன்னதற்குக் காரணம் நான்தானே. உனக்கு எட்டு வயதில் மகாபலிபுரம் போனோம். எல்லாப் பிள்ளைகளும் அலையில் குதிக்க, நீயும் முழங்கால் தண்ணீர் வரைக்கும் ஓடினாய். நான் புடவை நனைவதைக் கூடப் பார்க்காமல் ஓடி வந்து உன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கரையேறினேன். பட்டாணி விற்கிறவன் கூடச் சிரித்தான். திருக்கழுக்குன்றம் வரும் வரைக்கும் பஸ்ஸில் நீ விம்மிக்கொண்டே வந்தாய். கடலென்றால் அம்மாவுக்குப் பயம் என்று அன்றைக்கு முடிவு கட்டியவன் நீ. எனக்குக் கடல்மேல் பயம் இல்லை. எனக்கு என் வாய்மேல்தான் பயம். அது ஏன் என்று நேரில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்க அத்தா ஒரே ஒரு முறை கடலில் மூழ்கினார், அந்தக் கோவளத்து மீனவர் சவரி கண்மண் தெரியாமல் கயிற்றை இழுத்ததில் நெஞ்சு கெட்டுப்போனது, என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். உன் மாமு, அதுதான் என் அண்ணன், இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். அது உண்மை இல்லை.

எங்களுக்குக் கல்யாணமான புதிது. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். செங்கல்பட்டில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் நம் ஸ்டுடியோ ஓலைக்கூரையோடு இருந்தது. வெளியே படம் பிடிப்பது அவர், இருட்டறையில் கழுவுவது நான். அவர் எடுத்த மூஞ்சிகளை எல்லாம் முதலில் பார்த்தவள் நானாக்கும். ஒரு நாள் மூர் மார்க்கெட்டிலிருந்து சாவி கொடுக்கிற சினிமா கேமரா ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும். இன்னொரு முறை போனபோது, சண்டைக் கப்பலிலிருந்து கழித்துக் கட்டிய காற்றுப் பம்பு, நீளமான ரப்பர் குழாய், முகமூடி எல்லாம் மாட்டு வண்டியில் வந்து இறங்கின. "இன்னாங்க இது, தண்ணி எறைக்கவா?" என்று கேட்டேன். "கடலுக்கு அடியில கீற பாரைப் படம் புடிக்கப் போறேன்" என்றார். கடலுக்குள் முளைத்து நிற்கும் பாறைத் திட்டைத்தான் கோவளத்துக்காரர்கள் பார் என்பார்கள். மீன் அடைகிற இடம். அவர்கள் கயிறும் ஈயக்கட்டியும் விட்டுத் தடவித் தெரிந்துகொண்ட இடமே தவிர யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அடித்துக்கொள்ள மனசு வராது.

கேமராவுக்குத் தண்ணீர் புகாத பெட்டி வேண்டுமே. அதற்குப் போனது என் சீதனப் பித்தளை டேக்சா. அஞ்சு படி அரிசிக்குப் பிரியாணி ஆகிற டேக்சா! வாயில் தடித்த கண்ணாடி, ஓரத்தில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, சுற்றிலும் திருகு. விசைக்கு வெளியே ஒரு கம்பி, அதைக் கொக்கியில் மாட்டிவிட்டால் கையை எடுத்தாலும் கேமரா ஓடும். முதலில் உள்ளே பழைய பேப்பரைப் போட்டு நம் கிணற்றில் இறக்கினோம். நாலு முறை பேப்பர் சொதசொதவென்று வந்தது. அஞ்சாவது முறை மொறமொறவென்று உலர்ந்து வந்தபோது, அவர் என்னைத் தூக்காத குறை. அக்கம்பக்கத்தில் எல்லாம், போட்டோக்காரர் வீட்டில் கிணற்றுக்குள் சமைக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

சவரி அண்ணன் கிடைத்தது எங்கள் பாக்கியம். இரண்டு கட்டுமரத்தைச் சேர்த்துக் கட்டி நடுவில் பலகை போட்டு, பம்பை ஏற்றினார். பம்பை அவர் தம்பி அடிப்பார், உயிர்க்கயிறு சவரி அண்ணன் கையில். ஒரு இழுப்பென்றால் நலம், மூன்று இழுப்பென்றால் மேலே தூக்கு. நான் ஏறப்போனால், "பொம்பள மரத்துல கால வெக்கக்கூடாது தங்கச்சி, வழக்கம் இல்ல, கோச்சிக்காத" என்றார். கோபம் வந்தது, என்ன செய்ய. டிபன் கேரியரோடு மணலில் உட்கார்ந்திருந்தேன். மாசி மாதம், கலங்கல் போய்த் தண்ணீர் தெளிந்திருந்தது. நாலு பாகம், அதாவது நாலு ஆள் ஆழத்திலிருந்து ஏறி வந்த உங்க அத்தாவுக்கு வாய் ஓயவில்லை. பாறையெல்லாம் விசிறி விசிறியாக ஏதோ முளைத்து ஆடுகிறதாம், மஞ்சளும் ஊதாவுமாக மீன் மூஞ்சிக்கு நேராக வந்து விசாரிக்கிறதாம், சிப்பி கிழித்த விரலில் தன் ரத்தமே பச்சையாகத் தெரிந்ததாம். ஒரு கையில் கோழிக் குருமா தோய்ந்த ரொட்டி, மறு கையால் காற்றில் மீன் வரைந்துகொண்டே சொன்னார். அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது.

முதல் ரீலைக் கழுவிப் பார்த்தால் எல்லாம் ஒரே மங்கல். தையல் டேப்பைக் கீழே கொண்டுபோய், பாறைக்கும் கேமராவுக்கும் ஆறடி என்று அளந்து, லென்ஸையும் ஆறடிக்குத் திருப்பி வைத்திருந்தார். ஸ்டுடியோவில் அப்படித்தான் செய்வோம். லென்ஸில் பழுது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அண்டாத் தண்ணீருக்குள் கரண்டி விழுந்துவிட்டது. எடுக்கக் கையை விட்டால், தெரிந்த இடத்தில் கரண்டி இல்லை, இன்னும் கீழே இருக்கிறது. ஓடிப் போய்ச் சொன்னேன். "தண்ணி கிட்டத்துல காட்டுதுங்க. கேமராவுக்கும் அப்டித்தானே தெரியும். டேப்ப வுடுங்க, கண்ணுக்கு எவ்ளோ தூரம் தெரியுதோ அதையே வெய்யிங்க." இரண்டாவது ரீல் கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. "ஒன் மூள இருட்டறையில கீற வேண்டியதே இல்ல" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீயும் கீழே போனால் டேப்பை நம்பாதே, கண்ணை நம்பு. இது உன் அம்மா கண்டுபிடித்தது, ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்.

தெளிவாக வந்ததே தவிர, இரண்டாவது ரீல் ஒரே ஆட்டம். மீனைத் துரத்தித் துரத்தி எடுத்ததில் வாலும் குமிழியுமாக, பார்த்தால் வாந்தி வருகிற மாதிரி இருந்தது. இங்கேதான் நான் வாயைத் திறந்தேன். ஸ்டுடியோவில் படம் எடுக்கும்போது அவர், "மூச்சப் புடிங்க" என்று உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லி, தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் விசையை அமுக்குவார். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அது பழக்கம். அதனால், "அங்கயும் அப்டியே நெஞ்சு நெறைய மூச்ச இழுத்துப் புடிச்சிகினு எடுங்க. கையும் ஆடாது, குமிழியும் வராது, மீனும் ஓடாது" என்று சொன்னேன். சவரி அண்ணனும் பக்கத்தில்தான் இருந்தார். "ஆமா, சங்கு குளிக்கிறவன் மூச்சடக்கித்தானே போறான்" என்று அவரும் தலையாட்டினார். பம்போடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் என்ன எழுதியிருந்ததோ, பாதிக்கு மேல் கரையான் தின்றிருந்தது. கரண்டி விஷயத்தில் நான் சொன்னது பலித்துவிட்டதால் இதையும் அவர் யோசிக்காமல் நம்பினார். முற்றத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டேக்சாவை மடியில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடிப்பார். நான் எதிரில் நின்று ஒன்று, இரண்டு என்று முப்பது வரைக்கும் எண்ணுவேன். முகம் தக்காளி மாதிரி சிவந்துவிடும். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். நீ அப்போது என் வயிற்றில் நாலு மாதம்.

மேலே இழுக்கிற மூச்சு வேறு, கீழே பம்புக் காற்றை இழுக்கிற மூச்சு வேறு என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கீழே இருக்கும்போது அந்தக் காற்று அமுங்கிக் கிடக்கிறது. அதை நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு மேலே வந்தால் அது ஊதிப் பெருத்து நுரையீரலைக் கிழித்துவிடும். இது ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை போன அன்றைக்கு, நான் மணலில் இருந்து பார்க்கப் பார்க்க, மரத்தில் ஏதோ பரபரப்பு. பலகை மேல் அவரைக் கிடத்தித் துடுப்பு போட்டுக்கொண்டு வருகிறார்கள். வாயோரம் நுரை, நுரையில் ரத்தம். சவரி அண்ணன் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடினார்.

மெட்ராஸ் பெரியாஸ்பத்திரியில், "ரொம்ப வேகமா மேலே வந்தாரா?" என்று டாக்டர் கேட்டார். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார் உன் மாமு. மறுநாளே கோவளத்துக்குப் போய்க் கடைத்தெருவில் நின்று, "மீன இழுக்கிற மாதிரி எம் மச்சான இழுத்துக் கொன்னுட்டியேடா" என்று சவரி அண்ணனைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். அதற்கும் மறுநாள் சவரி அண்ணன் நம் ஸ்டுடியோவுக்கு வந்தார். தலையில் டேக்சா. கீழே விழுந்து கிடந்ததை, பம்பும் குழாயும் இல்லாமல் தானே மூழ்கி எடுத்து, கோவளத்திலிருந்து சுமந்து வந்திருக்கிறார். "தண்ணி உள்ள போவல தங்கச்சி. படம் நல்லா இருந்தா அவரு கண்ணு முழிச்சதும் காட்டு" என்று வைத்துவிட்டு, நான் கொடுத்த தண்ணீரைக் கூடக் குடிக்காமல் போனார்.

அன்றைக்கே கழுவினேன். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு சதுரமாகப் பார்த்தேன். முதலில் பாறை, ஆடாமல். பிறகு படம் தலைகீழாகப் புரண்டு, பாறையில் மோதி, மேலே பார்த்தபடி சாய்ந்து நிற்கிறது. உங்க அத்தாவின் இரண்டு காலும் மேலே போகின்றன. பக்கத்தில் உயிர்க்கயிறு. அன்வர், கயிறு தொய்ந்து, வளைந்து, கொடியில் போட்ட துணி மாதிரி தொங்குகிறது. யாரும் இழுக்கவில்லை. நெஞ்சு நிறைய அடைத்த காற்றில் அவர் தானாகவே மேலே போய்க்கொண்டிருக்கிறார். கால் மறைந்த பிறகுதான் கயிறு மெல்ல விறைத்தது. அதற்கப்புறம் யாருமே இல்லை. கொக்கி மாட்டியிருந்ததால் கேமரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வெறும் பாறை, ஆடுகிற விசிறிகள், அப்புறம் ஒவ்வொன்றாக மீன்கள் வந்து நேராகப் பார்த்துவிட்டுப் போகின்றன. மூன்று ரீலிலும் ஆடாமல் வந்த படம் அது ஒன்றுதான்.

இருபது நாள் கழித்து அவருக்குப் பேச்சு வந்தபோது என் காதில் மட்டும் சொன்னார். "கயிறு இல்ல. நான் மூச்சப் புடிச்சிருந்தேன்." வீட்டுக்கு வந்ததும் படத்தைப் போட்டுக் காட்டினேன். அந்த மீன்களைப் பார்த்துக் குழந்தை மாதிரி கை தட்டினார். "பாரு, நான் இல்லாமலே எடுத்திருக்குது! பாறையில வெச்சிட்டு சும்மா இருந்திருக்கணும், அவ்ளோதான்." பிறகு, "சவரிக்குக் காட்டணும். ஒங்க அண்ணனுக்கும் சொல்லணும்" என்றார். நான் அழுதேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வருமே. மாமியார் வீட்டில் ஏற்கெனவே, மருமகள் வந்த நேரம் என்று ஆரம்பித்திருந்தார்கள். வயிற்றில் நீ. "என்னக் காட்டிக் குடுக்காதீங்க" என்று கெஞ்சினேன். அவர் ரீலைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கழுகு படம் எடுக்கத் திருக்கழுக்குன்றம் மலைப்படி ஏற முடியாமல் போனது, மாடியில் ஸ்டுடியோ வைக்கும் ஆசையை விட்டார், எதற்கும் என்னைக் குத்திக் காட்டவில்லை. ஸ்டுடியோவில் உட்காருகிறவர்களிடம் "மூச்சப் புடிங்க" என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். "நல்லா மூச்ச வுடுங்க" என்பார். நீ கூட அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வாய். அவர் மௌத்தாகிப் போய்ச்சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, நான் அதற்கப்புறமும் சும்மாவே இருந்தேன்.

உன் ரப்பர் செருப்பைப் பார்த்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை. நேற்று வாடகைக் காரில் புரொஜெக்டரை ஏற்றிக்கொண்டு கோவளம் போனேன். சவரி அண்ணனுக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. "யாரு, போட்டோக்கார வூட்டு தங்கச்சியா? வா, குந்து. இன்னா இம்மாந் தூரம்?" என்றார். ஒரு படம் காட்ட வேண்டும் என்றேன். கதவைச் சாத்தி, சுண்ணாம்புச் சுவரில் போட்டேன். பாறை வந்ததும், "இது நம்ம பாரு!" என்று எழுந்துவிட்டார். ஐம்பது வருஷம் மேலேயே வலை போட்டவர், இத்தனை நேரம் நின்று பார்த்ததே இல்லையாம். படம் ஓடி முடிந்தது. "இன்னொரு தபா போடு" என்றார். போட்டேன். மூன்றாவது முறை சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, கயிறு வந்த இடத்தில் விரலை வைத்தார்.

"கயிறு தொய்ஞ்சி கீது."

"ஆமாண்ணே."

"நான் இழுக்கல."

"நீங்க இழுக்கலண்ணே. அவருதான் மூச்சப் புடிச்சிகினு தானா மேல போனாரு. புடிக்கச் சொன்னவ நானு."

அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "எனக்கே தெரியாமப் போச்சி தங்கச்சி. எல்லாரும் சொல்லச் சொல்ல, வேகமா இழுத்துட்டமோ, வேகமா இழுத்துட்டமோன்னு எனக்கே ஆயிட்ச்சி. கயித்தத் தொடும்போதுல்லாம் அதான்." பிறகு என்னைப் பார்த்து, "இத எப்போ கழுவின?" என்று கேட்டார். நீங்கள் கொண்டு வந்து வைத்த அன்றைக்கே என்றேன். "அன்னிக்கேவா?" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார். அவர் சம்சாரம் வைத்த டீ ஆறி ஆடை கட்டும் வரைக்கும் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து, "ஒங்கண்ணன் கீறாரா?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறார் என்றேன். "அவருக்குக் காட்டு. நான் குந்திகினு இருக்கும்போது காட்டு. அன்னிக்குக் கடத்தெருவுல எம் புள்ளைங்க ரெண்டும் நின்னுகினு இருந்துச்சிங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அவரும் அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் செங்கல்பட்டுக்கு வருகிறார்கள். உன் மாமுவை வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். ஸ்டுடியோவில் திரை கட்டி அந்த அரை நிமிஷப் படத்தைப் போடுவேன், என் வாயால் எல்லாவற்றையும் சொல்வேன். திங்கட்கிழமை உன் கப்பல். போகாதே என்று நான் தடுக்க மாட்டேன். கீழே போ, நன்றாகப் பார். மீனைத் துரத்தாதே. கேமராவைப் பாறையில் வைத்துவிட்டுச் சும்மா இரு, அவை வரும். என்ன ஆனாலும் மூச்சைப் பிடிக்காதே, விட்டுக்கொண்டே இரு. அதைவிட முக்கியம், உனக்கு மேலே கயிறு பிடிக்கிறவன் யாராக இருந்தாலும், தப்பு உன்னுடையது என்றால் கரையேறின உடனே வாயைத் திறந்து சொல்லிவிடு. என்னை மாதிரி இருக்காதே.

ஞாயிற்றுக்கிழமை நான் பேசும்போது என் முகம் எப்படி ஆகுமோ தெரியாது. அம்மா பாவம் என்று என் பக்கத்தில் வந்து நிற்காதே. முன்வரிசையில் சவரி அண்ணனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். நீ அங்கே உட்கார்.

உன் அம்மா